மடக்கிய விரல்

எங்கள் ஊரில் பிஞ்சுக் காயை யாரும் சுட்டுவிரலை நீட்டிக் காட்ட மாட்டார்கள். விரலை நடுவில் மடக்கி, அந்த முட்டியால்தான் காட்டுவார்கள். நீட்டிய விரலுக்கு எதிரே இருக்கும் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும் என்பது பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் யாரும் யாருக்கும் உட்கார்ந்து கற்றுக்கொடுக்காத, ஆனால் எல்லோரும் அறிந்திருந்த சட்டம். விதைக் கம்பெனியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, எந்த மருந்தை எந்த அளவில் கலக்க வேண்டும் என்று ஆங்கிலம் விரவி விளக்குகிற இளைஞர்கூட, அப்பாவின் வயலில் நின்று "அந்தப் பிஞ்சப் பாருங்கண்ணா" என்று சொல்லும்போது விரலை மடக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பேச்சு கல்லூரியில் படித்தது. விரல் ஊரில் வளர்ந்தது.

எனக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்த அந்த வருடம், அம்மா வீட்டுக்குப் பின்னால் முலாம்பழம் போட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் அதைக் கிர்ணிப்பழம் என்பார்கள். அம்மா அப்போது கர்ப்பமாக இருந்தாள். எந்தச் சாப்பாடும் வயிற்றில் தங்காமல் அவள் துவண்டு கிடந்த மார்கழி மாதத்தில், சேலம் போய் ரயிலில் திரும்பிய அப்பா, மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே பருவம் தவறி விற்றுக்கொண்டிருந்த ஒரு கிர்ணிப்பழத்தை வாங்கி வந்தார். அது மட்டும் தங்கியது. அம்மா அதன் விதைகளை வழித்துக் கழுவி, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, தை பிறந்ததும் குளியலறைத் தண்ணீர் ஓடுகிற கால்வாயின் ஓரத்தில் மண்ணை மேடாகக் கட்டி ஊன்றினாள்.

அப்பா மரவள்ளியும் மஞ்சளும் பயிர் செய்கிறவர். வீட்டில் தின்பதற்கென்று ஒருவர் இரண்டு கொடி வளர்ப்பது அவருக்கு விளையாட்டாகப் பட்டது. "உங்கம்மா பெரிய கிர்ணித் தோட்டக்காரி ஆயிட்டாங்க. இனிமே நாமெல்லாம் கூலிக்குத்தான் போவணும்" என்று என்னிடம் சொல்வார். ஆனால் சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் அவர் எட்டிப் பார்ப்பது அந்தக் கொடியைத்தான்.

மாசியில் கொடி பூத்தது. சில பூக்கள் வெறுங்காம்போடு இருந்தன. சில பூக்களுக்குப் பின்னால், பூனைக்குட்டியின் காதில் இருக்குமே, அது போன்ற மெல்லிய ரோமத்தோடு ஒரு சிறு வீக்கம் இருந்தது. அதுதான் பிஞ்சு என்று அம்மா விரலை மடக்கிக் காட்டினாள். பிஞ்சு நெல்லிக்காய் அளவுக்கு வந்ததும், ஈர மண் பட்டு அழுகாதிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓட்டுச்சில்லை வைத்தாள். மேலே இலையை இழுத்து மறைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் அங்கே கொடியும் இலையும் மட்டுமே தெரியும். பக்கத்து வீட்டார் துணி காயவைக்க அந்தப் பக்கம் வந்தால் அம்மா பேச்சுக் கொடுத்து அவர்களை முன்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

விரல் சட்டத்தில் அம்மா எல்லோரையும்விடக் கண்டிப்பாக இருந்தாள். ஒரு முறை நான் மறந்துபோய் விரலை நீட்டப்போனபோது என் புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. அம்மா என்னை அடித்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். அடித்த கையோடு என் விரலைப் பிடித்து என் பற்களுக்கிடையே வைத்து, "கடி" என்றாள். தெரியாமல் நீட்டிவிட்டால் உடனே விரலைக் கடித்துவிட வேண்டும். அதற்கு அதுதான் பரிகாரம்.

அடுத்த வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. அம்மாவுக்கு நாள் ஏற ஏற, அத்தை எங்கள் வீட்டிலேயே பெரும்பொழுதைக் கழித்தாள். கெட்ட மனுஷி அல்ல. எங்களுக்காக ஓடி ஓடி உழைத்தவள். ஆனால் உலகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஒரு காரணம் தெரியும். காரணம் தெரியாத இடத்தில் பழிபோட ஓர் ஆளைத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் அம்மாவின் வயிறு இப்படித்தான் இருந்தது. ஒரு நாள் அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து அம்மா வயிறு இல்லாமல் திரும்பி வந்தாள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கக் கூடாத விஷயங்களின் வாசனை குழந்தைகளுக்குத் தெரியும். வேலியில் படர்ந்திருந்த பூசணிக்கொடி மட்டும் வேரோடு பிடுங்கப்பட்டு, ஆட்டுக்குக்கூடப் போடாமல் குப்பைமேட்டில் காய்ந்து கிடந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் அதை நான் தினமும் பார்த்தேன்.

அந்தக் கதைக்கு அத்தை வைத்திருந்த காரணத்தை, கிர்ணிக்கொடி பிஞ்சு விட்ட சமயத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"போன தடவ அந்தப் பூசணிப் பிஞ்சுங்க ஒண்ணு தப்பாம அழுகிப்போச்சு பாரு, எனக்கு அப்பவே திக்குனு ஆயிடுச்சு. கொடியில இருக்கறதும் வயித்துல இருக்கறதும் ஒண்ணுதாம்மா. ரெண்டையும் வெரல நீட்டிக் காட்டக் கூடாது. எவ வந்து காட்டிட்டுப் போனாளோ, பாவி."

"உடுங்கக்கா" என்றாள் அம்மா.

முறம் அவள் மடியில் வெகுநேரம் அசையாமல் இருந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஊருக்கு வரும்போதும் கழுத்தில் மாட்டுகிற அட்டை அவர் சட்டைப்பையில் இருக்கும். எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரிக்கிற ஒரே மனிதர் அவர் என்பதால் அவர் மேல் எனக்கு அளவற்ற பிரியம். சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் வந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கிர்ணி காச்சிருக்குதுன்னு போன்ல அவ்ளோ பீத்திக்கிட்டியே, எங்கடி?"

நான் விரலை மடக்கிக் காட்டினேன்.

"அடப்பாவமே, வெரலுக்கு என்னாச்சு? வாதமா?"

"நீட்டக் கூடாது மாமா. வெம்பிடும்."

"அப்படியா? அரூர் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு நாள் முச்சூடும் கைய நீட்டி நீட்டி பஸ்ஸக் காட்டிக்கிட்டு இருக்கறாரே. எத்தன பஸ் வெம்பிப் போச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவளை மாமா விடுவதாக இல்லை.

"சரி, அத உடு. வேற வெளையாட்டு. நான் பேரச் சொல்லச் சொல்ல டக்கு டக்குனு காட்டணும். யோசிச்சன்னா அவுட்டு. முருங்கமரம்?"

காட்டினேன்.

"தண்ணித் தொட்டி?"

காட்டினேன்.

"மணி?"

மணி எங்கள் நாய். தொட்டியின் நிழலில் படுத்திருந்தது. காட்டினேன்.

"சூரியன்? செருப்பு? கிர்ணி? பாப்பா?"

கடைசி இரண்டு சொற்களும் ஒரே மூச்சில் வந்தன. வேகத்தில் என் கை கொடியின் பக்கம் நீண்டு, அங்கிருந்து அப்படியே திரும்பி, பின்வாசல் படியில் ஈரத்துணி வாளியோடு இறங்கிக்கொண்டிருந்த அம்மாவின் வயிற்றுக்கு நேரே போய் நின்றது. விரல் முழுதாக, வளைவே இல்லாமல், ஓர் அளவுகோல் போல நீண்டிருந்தது.

"அவுட்டு! அவுட்டு! சட்டத்த மீறிட்டா!" மாமா கைதட்டினார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது.

அம்மா குனிந்து படியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. "என்னடா அவள அழ வெக்கிற?" என்று மட்டும் கேட்டாள். நான் அழவில்லை. விரலைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது: இரண்டு முறை நீட்டியதற்கு ஒரு கடி போதுமா? இரண்டாவது முறையும் கடித்தேன். அதற்குள் தாமதமாகிவிட்டது போல இருந்தது. மாமா சாயங்காலப் பேருந்தில் பெங்களூருக்குக் கிளம்பிப் போனார். அவர் கொண்டுவந்திருந்த கேக்கை நான் தொடவில்லை.

அன்றிலிருந்து, நான் சுட்டிக்காட்டிய எல்லாவற்றையும் கவனிக்கத் தொடங்கினேன். முருங்கைப் பூ கொட்டிக்கொண்டிருந்தது. முருங்கைப் பூ எப்போதும் கொட்டும் என்பதை அறிந்திருந்தும் கொட்டுவதைப் பார்த்து நின்றேன். மணி வழக்கத்தைவிட அதிகம் தூங்குவதாகப் பட்டது. அதன் மூக்கின் முன் கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அது எரிச்சலோடு ஒரு கண்ணைத் திறந்து மூடும். தொட்டியின் ஒரு மூலையில் ஈரம் கசிவது போலிருந்தது. சூரியனை மட்டும் பார்க்க முடியவில்லை. ஆனால் காலையில் அது வந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் கிர்ணிப் பிஞ்சுகளில் பெரியது மஞ்சள் பூத்தது. எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. காம்பருகே முதலில் ஒரு வெளிறல். மறுநாள் அந்த வெளிறல் பாதிக் காயை மூடியது. அதற்கு மறுநாள் காலையில் காய் காம்பை விட்டு, ஓட்டுச்சில்லின் மேல் தனியாகக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் விரல் அழுந்துகிற அளவுக்கு மெத்தென்றிருந்தது. சில நாளில் இன்னொன்றும் அதே போலப் போயிற்று. இலைக்கடியில் ஒன்றே ஒன்று மீதி இருந்தது.

"ஈ கொட்டியிருக்கும்" என்று அப்பா சொன்னார். அத்தை உதிர்ந்த காயைக் குப்பைமேட்டில் வீசிவிட்டு வந்தாள்.

எனக்கு ஈயைப் பற்றிக் கவலை இல்லை. மாமா சொன்ன வரிசைதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முருங்கைமரமும் தொட்டியும் நாயும் சூரியனும் செருப்பும் பிஞ்சு அல்ல. அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. கிர்ணி பிஞ்சு, அது போய்விட்டது. கிர்ணிக்கு அடுத்த சொல் என்ன என்பது எனக்குத் தெரியும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உறுதியாகிவிடும் என்று பயந்தேன். பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுட்டுவிரலை மடக்கியபடியே சுற்றிக் கட்டிக்கொண்டேன். கேட்டவர்களுக்கு அடிபட்டுவிட்டது என்று சொன்னேன். அது இனி தவறியும் நீளக் கூடாது. பல் துலக்குவது, பாவாடை நாடாவை முடிவது, புத்தகப்பையைத் திறப்பது எல்லாம் மற்ற விரல்களின் வேலையாயிற்று. தூக்கத்தில் கட்டு அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் கையை உடம்புக்கு அடியில் வைத்துப் படுத்தேன். அம்மா பக்கத்தில் வந்து படுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்பெல்லாம் அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்பது என் வழக்கம். அம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். "என்னடி, பாப்பாகூட சண்டையா?" என்று கேட்டாள். நான் தூங்குவது போலக் கிடந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை தமிழ்நாட்டு வரைபடத்தை மாட்டி, நம் மாவட்டத்தை வந்து காட்டு என்று என்னை அழைத்தார். தருமபுரி எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வரைபடத்தின் முன் போய் நின்றேன். துணி கட்டிய விரலைப் பார்த்துவிட்டு, "அடுத்த விரலால காட்டேன், கண்ணு" என்றார். எந்த விரலை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. மாவட்டத்தில் எங்கள் ஊர் இருந்தது. ஊரில் வீடு, வீட்டில் அம்மா. கடைசியில் திரும்பி நின்று முழங்கையால் காட்டினேன். வகுப்பே சிரித்தது. முழங்கை அகலமானது என்பதால் கிருஷ்ணகிரியும் சேலமும்கூட அதில் அடங்கிவிட்டன.

இதற்குப் பிறகு ஒரு நாள் காலை, நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், அம்மா சமையற்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அடிவயிற்றில் வலி என்றாள். அவள் முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அப்பா வேன் வைத்திருந்தவர் வீட்டுக்கு ஓடினார். அத்தை சாமி படத்தின் முன் நின்று மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, விட்டத்தில் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

அதே வேன். வந்த திசையும் அதேதான். இரண்டு வருடத்துக்கு முன்பு நின்ற அதே இடத்தில் நின்று, அது கிளம்பிப் போவதைப் பார்த்தேன். அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. மீதி இருந்த அந்த ஒற்றைக் கிர்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இலையை விலக்காமல், அது இருக்கிறதா என்று நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அது இருந்தால் பாப்பா இருக்கும் என்று தோன்றியது. இலையை விலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்; அதனாலேயே விலக்கவில்லை. அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். "உங்கம்மா வந்துடுவாங்க, எந்திரி" என்றாள். பாப்பாவும் வந்துவிடும் என்று அவள் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மறுநாள் சாயங்காலம் வேன் திரும்பியது. கதவு திறந்தபோது அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தேன். இருந்தது.

ஆனால் பயம் தீரவில்லை. நீண்ட நாள் படுத்தே இருக்க வேண்டும், குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இன்னும் எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றும் சொன்னாராம். அதை அப்பா அத்தையிடம் தணிந்த குரலில் சொன்னபோது கேட்டேன். பின்வாசல் அருகே காற்று வரும் என்று அங்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டார்கள். சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அத்தை கைக்கு மாறியது. அம்மா படுத்தபடியே கதவு வழியாகத் தன் கிர்ணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் அத்தை ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விரல் குறைவாகப் பிசைந்த சோறு வாய்க்குப் போகும் வழியிலேயே சிந்தியது. அம்மா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"கையக் காட்டு."

"அடிபட்டுருச்சும்மா."

"எங்க, காட்டு பாக்கலாம்."

அவள் கட்டை அவிழ்த்தாள். அழுக்கேறிய துணி சுருள் சுருளாக வந்தது. உள்ளே விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அடிபட்டதற்கான தடயம் எதுவும் இல்லை. பல் தடங்கள் இருந்தன, ஒன்றன் மேல் ஒன்றாக.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அவள் கேட்காததால் எல்லாம் தானே வெளியே வந்தது. மாமா, விளையாட்டு, முருங்கைமரம், நாய், கிர்ணி.

"கிர்ணியக் காட்டுனியா?"

தலையாட்டினேன்.

"அப்புறம்?"

நான் அவள் வயிற்றைப் பார்த்தேன்.

அம்மாவின் இரண்டு கைகளும் விரைந்து போய் வயிற்றின் மேல் விரிந்து மூடிக்கொண்டன. பாப்பா உதைத்திருக்கும் என்று நினைத்தேன். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். கதவுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கொடியின் இலைகள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு ஒரு கையை எடுத்தாள். இன்னும் சற்று நேரம் கழித்து இன்னொரு கையையும் எடுத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா எங்க இருக்குது?" என்றாள்.

நான் விரலை இன்னும் இறுக்கி மடக்கினேன்.

"மடக்காத. நீட்டிக் காட்டு."

"வேணாம்மா."

"நீட்டுடி கண்ணு."

"பாப்பா செத்துடும்மா."

"சாவாது."

"அத்த சொன்னாங்க."

"அத்தைக்கு நான் சொல்லிக்கறேன். நீ நீட்டு."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பல நாள் மடங்கியே இருந்த விரலை, முடிச்சு அவிழ்ப்பது போல, ஒவ்வொரு கணுவாக நிமிர்த்தினாள். நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை. வயிற்றுக்கு ஒரு சாண் தூரத்தில், விரல் நேராக நின்றது.

"இப்ப சொல்லு. பாப்பா எங்க?"

"இங்க."

"கேக்கல."

"இங்கம்மா!"

"இன்னொரு தடவ."

"இங்க!" நான் அழுதுகொண்டே கத்தினேன்.

"பாத்தியா? ஒண்ணும் ஆவல."

"கடிக்கட்டுமா?"

"வேணாம். இனிமே கடிக்கவே வேணாம். அங்க பாரு. கிர்ணி எங்க?"

கதவு வழியாக, இலைக்கடியில் மீதி இருந்த அந்த ஒன்றையும் நீட்டிய விரலால் காட்டினேன். காட்டிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. தாகமாக இருக்கும் என்று நினைத்துச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "நீ சோத்தத் தின்னு. அஞ்சு வெரலாலயும்" என்றாள்.

அந்தக் கிர்ணி உதிரவில்லை. சித்திரையில் அதன் தோலில் வலை பின்னியது போலக் கோடுகள் விழுந்தன. வீட்டுக்குப் பின்னால் போனாலே வாசனை வந்தது. அத்தைதான் அறுத்தாள். நாங்கள் அத்தனை பேரும் காத்திருந்த அந்தப் பழம் அவ்வளவாக இனிக்கவில்லை. குளியலறைத் தண்ணீர் ஓயாமல் பாய்ந்ததில் சுவை கரைந்துபோயிருந்தது. அப்பா ஒரு துண்டை மென்றுவிட்டு, "வெல்லம் போட்டா கிர்ணி, போடலன்னா வெள்ளரி" என்றார். அம்மா தன் துண்டைக் கட்டிலில் உட்கார்ந்து தோல் வரை தின்றாள். ஆனிக் கடைசியில் என் தங்கை பிறந்தாள். அவளைப் பார்க்க வந்த மாமா வாசலிலேயே, "பாப்பா எங்கடி?" என்றார். நான் கையை முழுதாக நீட்டிக் காட்டினேன். தூளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த மதியத்திலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அம்மாவுக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. அத்தையின் வாய்க்குப் பயந்துதான் அவள் விரலை மடக்குகிறாள். கல்லூரி விடுதியில் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கிராமத்துப் பெண், அறிவின் துணையால் ஒரு குழந்தையின் பயத்தை விரட்டிய கதை. கேட்டவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். எங்கள் வீட்டில் ஒருவராவது எதற்கும் பயப்படாதவர் இருந்தார் என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். அத்தை இப்போது இல்லை. அம்மா மறுபடியும் அதே இடத்தில் கிர்ணி போட்டிருந்தாள். கால்வாயைத் திருப்பிவிட்டு, அளவாகத் தண்ணீர் பாய்ச்சக் கற்றுக்கொண்டிருந்தாள். சேலத்தில் வேலை பார்க்கிற தங்கையும் விடுமுறையில் வந்திருந்தாள். பின்வாசல் படியில் நின்று, காதில் போனை வைத்துக்கொண்டே, "ம்மா, அதா பிஞ்சு?" என்று கையை நீட்டினாள்.

"ஏய்! மடக்குடி!" அம்மாவிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் வெகுநாளாகக் கேட்டதில்லை. "கடி, கடி, வெரலக் கடி!"

தங்கை சிரித்துக்கொண்டே விரலைக் கடித்துக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். அம்மா இலையை விலக்கிப் பிஞ்சைப் பார்த்தாள்; திரும்பவும் மூடினாள். எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. யாருடைய வாய்க்கும் அவள் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

"அன்னிக்கு என்னைய மட்டும் நீட்டிக் காட்டச் சொன்னியேம்மா" என்றேன். "அதுவும் வயித்த."

அம்மா குனிந்து ஓட்டுச்சில்லைப் பிஞ்சுக்கு அடியில் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நீ சோறு திங்க முடியாம கெடந்த" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு தண்ணீரைத் திருப்பிவிடப் போய்விட்டாள். அவள் போன பிறகும் நான் கொடியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்று மதியம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை நினைவுக்கு வந்தது. பங்குனி வெயில் கதவு வரை வந்து நின்ற அந்த வேளையில், அந்தக் கை கிணற்றுத் தண்ணீரில் ஊறியது போலக் குளிர்ந்து ஈரமாக இருந்தது. அம்மா இப்போதுதான் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருக்கிறாள் என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டுப் பாத்திரங்களை அத்தைதான் கழுவினாள்.